மூடாக்கில் வட்டம் போடுகிறவள்

வலது கை கைப்பிடியை இறுக்கியிருந்தது. இடது கை அளவுக்குச்சியை நகர்த்தியது. குச்சி நின்ற இடத்தில் இரும்பு வளையம் இறங்கி, ஒரு சொடுக்குப் போடும் நேரம் உட்கார்ந்து, எழுந்தது. எழுந்த இடத்தில் வெள்ளி நிற விரிப்பில் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு வட்டம். உள்ளே கறுப்பாக மண். புகை கலைவதற்குள் கைகள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டன. இந்த வரிசையில் ஒன்று, எதிர் வரிசையில் அதற்குச் சற்றுத் தள்ளி ஒன்று, மறுபடி இந்தப் பக்கம், மறுபடி அந்தப் பக்கம். வளையம் இறங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வாள், எழும்போது விடுவாள். உருகும் பிளாஸ்டிக்கின் புகை நெஞ்சுக்குள் போகாமலிருக்க அவளாகக் கண்டுபிடித்த வழி அது. பாத்தியின் தலைப்பில் தொடங்கினால் கடைக்கோடிக்குப் போய்ச் சேரும்வரை அந்தக் கைகள் நிற்பதில்லை.

பூச்செடி போடுகிறவர்கள் அவளை வட்டம் அக்கா என்று கூப்பிட்டார்கள். அவளைவிட வயதில் மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான்.

மண்ணை மேடாக அணைத்துப் பாத்தி கட்டுவார்கள். அதன்மேல் சொட்டுநீர்க் குழாயை நீளத்துக்கு ஓட்டுவார்கள். பிறகு எல்லாவற்றையும் போர்த்தினாற்போல மூடாக்கு விரிப்பை இழுத்துப் பரப்பி, ஓரங்களை மண்ணுக்குள் புதைத்துவிடுவார்கள். விரிப்பின் அடிப்பக்கம் கறுப்பு. களைக்கு வெளிச்சம் எட்டாது. மேல்பக்கம் வெள்ளி, அந்தப் பளபளப்பில் பூச்சிகள் இறங்கத் தயங்கும். ஈரம் உள்ளேயே தங்கும். மழை பெய்தால் சேறு தெறித்துப் பூவில் ஒட்டாது. வெள்ளைச் சாமந்தி போடுகிறவர்களுக்கு இந்தக் கடைசிக் காரணம் ஒன்றே போதும். ஆனால் எவ்வளவு அழகாகப் போர்த்தினாலும் செடி தலையை நீட்ட ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைத் திறப்பதுதான் அவள் தொழில்.

கத்தியால் கீறினால் ஆகாதா என்று புதிதாகத் தோட்டம் போடுகிறவர்கள் கேட்பார்கள். ஆகும், ஒரு மாதத்துக்கு. கீறின மூலையில் காற்று நுழைந்தால் கிழிசல் தானாக நீண்டுகொண்டு போகும். கிழிந்த நாக்கு படபடத்துக் கன்றின் தண்டை அறுத்துவிடும். சூட்டில் உருகின வட்டத்துக்கு விளிம்பு கட்டிக்கொள்ளும், கிழியாது. அந்த வட்டமும் அளவோடு இருக்க வேண்டும். பெரிதானால் களை எட்டிப் பார்க்கும். சிறிதானால் வெயிலில் காய்ந்த விளிம்பு தண்டில் பட்டுச் சுட்டுவிடும். மூன்று விரல் என்பதை அவள் யாரிடமும் கேட்டு அறிந்ததில்லை. இரண்டு விரலில் போட்டுப் பார்த்து, நான்கு விரலில் போட்டுப் பார்த்து, இரண்டிலும் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டாள்.

அதற்கு முன்னால் பத்து வருஷம் ஒரு ரொட்டிக்கடையில் பிஸ்கட் அச்சு அழுத்தியவள். அடுப்புச் சூடு கண்ணுக்கு ஒத்துக்கொள்ளாமல் தோட்ட வேலைக்கு வந்தாள். எல்லோரோடும் சேர்ந்து பிளேடால் விரிப்பைக் கீறிக்கொண்டிருந்த மூன்றாம் நாளே, கையில் அச்சு இல்லாத குறை தெரிந்தது. இரும்புக் கதவு செய்கிற பட்டறையில் வெல்டராக இருந்த கணவனிடம் சொன்னாள். இரண்டு தடவை கோணலாகச் செய்து கொடுத்து, மூன்றாவது தடவை அவன் ஒழுங்காக ஒட்டித் தந்தான்: கீழே கூரிய விளிம்புள்ள வளையம், மேலே கரிக்கங்கு போட ஒரு தகரப் பெட்டி, அதற்கு மேல் மரப் பிடி.

"ஊர் பூரா ஓட்டை போட்டுட்டு வர்ற. நம்ம வீட்டுக் கூரை ஓட்டையை எப்ப அடைக்கிறதா உத்தேசம்?" என்று அவன் கேட்பான்.

"அது உங்க டிபார்ட்மெண்ட்" என்பாள்.

அவளுக்கு ஒரு சட்டம் இருந்தது. சொட்டுநீர்க் குழாயில் தண்ணீர் ஓடாமல் வளையத்தை இறக்க மாட்டாள். அந்தக் குழாய் நாடா மாதிரி மெல்லியது. காலியாக இருந்தால் தட்டையாகப் படுத்துவிடும். விரிப்புக்குக் கீழே எங்கே கிடக்கிறது என்று கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது. தண்ணீர் ஓடினால் புடைத்துக்கொண்டு ஒரு வரப்பு மாதிரி மேலே தெரியும். தெரிந்தால் விலக்கிப் போடலாம். தவறிப்போய்ச் சூடு பட்டாலும் தண்ணீர் பீய்ச்சிக் காட்டிக் கொடுத்துவிடும், அப்போதே ஒட்டலாம். "மோட்டாரைப் போடுங்க, அப்புறம் என்னைக் கூப்பிடுங்க" என்பதுதான் எந்தத் தோட்டத்திலும் அவளுடைய முதல் பேச்சு.

இப்போது அவள் வட்டம் போட்டுக்கொண்டிருந்தது பள்ளிக்கூட பஸ் ஓட்டும் ஒருவனின் தோட்டத்தில். பிள்ளைகளைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மாலையில் திரும்ப ஏற்றும்வரை இடையில் கிடைக்கிற நேரத்தை நம்பி, மூன்று வருஷக் குத்தகைக்கு நிலத்தை எடுத்திருந்தான். முதல் விளைச்சல் தேறினால்தான் குத்தகையைத் தொடர்வது என்று அவனும் மனைவியும் பேசி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு பாத்தி. காலையிலிருந்து ஒன்பதைத் தண்ணீர் ஓட ஓடப் போட்டு முடித்திருந்தாள். பத்தாவதைத் தொடும்போது மின்சாரம் போய், மோட்டார் நின்றது. டிரைவர் பஸ்ஸை எடுக்கப் போயிருந்தான்.

வேறு நாளாக இருந்தால் கங்கைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் மறுநாள் காலையில் நாற்று வருகிறது. கொண்டு வருகிறவள் அவளுடைய சம்பந்தியம்மா.

அவள் மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் நாற்றுப் பண்ணை வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாதான் அதன் உயிர். குழித்தட்டில் வளரும் ஒவ்வொரு கன்றையும் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வாள்; பெற்ற பிள்ளையைக் கூட அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை என்று மாப்பிள்ளையே சொல்லுவான். வாய் மட்டும் கொஞ்சம் நீளம். பெண் பார்க்க வந்த அன்று, "ஓட்டை போடறதுக்குன்னு தனியா ஒரு ஆளா?" என்று கேட்டுவிட்டாள். கேட்டவள் மறந்திருப்பாள். கேட்கப்பட்டவள் மறக்கவில்லை. நேற்று போனில் வேறு, "பாத்தி ரெடியா இருக்குமா, இல்ல எங்க நாத்து வெயில்ல நின்னுக்கிட்டு உங்க வேடிக்கையைப் பாக்கணுமா?" என்று கேட்டிருந்தாள்.

"நீங்க வாங்க, வந்து பாருங்க" என்று அவளும் சொல்லிவிட்டாள்.

ஆகவே, தண்ணீர் ஓடாத மூன்று பாத்திகளில் வளையம் இறங்கிக்கொண்டிருந்தது. உச்சி வெயில் வெள்ளி விரிப்பில் பட்டுக் கண்ணில் குத்தியது. குழாய் நடுவில்தான் போயிருக்கும், வட்டமோ இரண்டு பக்கமும் விழுகிறது, ஒன்றும் ஆகாது என்று கை தன்பாட்டுக்கு நம்பிக்கொண்டு போயிற்று. சில இடங்களில் வளையம் எழும்பும்போது சற்று ஒட்டிக்கொண்டு வந்தது. விரிப்பில் மடிப்பு விழுந்திருக்கும் என்று நினைத்தாள். வீட்டுக்கு வந்து வளையத்தைத் துடைக்கும்போது விளிம்பில் மெழுகுபோலக் கறுப்பாக ஏதோ திரண்டிருந்தது. விரிப்பு உருகினால் சாம்பல் நிறத்தில் சீவலாகத்தான் ஒட்டும். ஒரு கணம் பார்த்தாள். பிறகு பழைய கத்தியால் சுரண்டிக் குப்பையில் போட்டாள்.

மறுநாள் சம்பந்தியம்மா வந்து இறங்கி, இடுப்பில் கை வைத்துப் பன்னிரண்டு பாத்தியையும் கண்ணால் அளந்தாள்.

"வரிசை நூல் பிடிச்ச மாதிரி இருக்கே" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒன்று வருவது அதுவே முதல் தடவை. வட்டம் அக்காவுக்கு அன்று முழுக்கக் கால் தரையில் பாவவில்லை. மின்சாரம் வராததால் வாளியில் மொண்டு ஊற்றியே நட்டு முடித்தார்கள். சாயங்காலம்தான் மின்சாரம் வந்து மோட்டார் தானாக ஓடியது. அப்போது தோட்டத்தில் யாரும் இல்லை.

நாற்பத்து மூன்று நாள் கழித்து டிரைவரிடமிருந்து போன் வந்தது. "அக்கா, கொஞ்சம் தோட்டம் வரைக்கும் வந்துட்டுப் போங்க. உங்க சம்பந்தியையும் வரச் சொல்லியிருக்கேன்." குரலில் வழக்கமான சிரிப்பு இல்லை.

அவள் போனபோது இருவரும் பாத்திகளின் கடைக்கோடியில் நின்றிருந்தார்கள். ஒன்பது பாத்தியில் சாமந்தி முழங்கால் உயரத்துக்குப் புதராக நின்றது. கடைசி மூன்றில் பாதித் தூரம்வரை அதே உயரம். அதற்குப் பிறகு கோடு கிழித்தாற்போல் ஒரு சாண், அதுவும் இலை சுருங்கி. சில வட்டங்களில் செடியே இல்லை, காய்ந்த குச்சிதான் இருந்தது.

"அக்கா, நீங்களே சொல்லுங்க. சம்பந்தின்னு பாக்க வேணாம்" என்றான் டிரைவர். "கடைசியா எறக்கின தட்டுங்களைத்தான் இந்த மூணு பாத்தியில நட்டோம். அடியில பழைய நாத்தைத் தள்ளிவிட்டிருக்காங்க."

"அவங்க எனக்குச் சாதகமாப் பேசுவாங்கன்னு நீ கவலைப்படாதே தம்பி. எங்களுக்குள்ள அவ்வளவு ஒட்டுறவு கிடையாது" என்றாள் சம்பந்தியம்மா. முகம் சிவந்திருந்தது. "ஒரே நாள்ல குச்சி வெட்டி, ஒரே நாள்ல வேர் பிடிக்க வெச்ச நாத்து. இந்தத் தட்டு உருப்படும், இந்தத் தட்டு உருப்படாதுன்னு ஜோசியம் பாத்தா அடுக்கினேன்?"

"அப்ப தண்ணியில குறையா? தலைப்புல கையை விட்டுப் பாத்துட்டேன், சொதசொதன்னு இருக்கு. விடிகாலையில அரை மணி நேரம் வால்வைத் தொறந்துட்டுத்தான் பஸ்ஸை எடுக்கறேன்."

"எருவைக் கூட்டிப் போட்டிருப்பே."

"எல்லாப் பாத்திக்கும் ஒரே எருதானம்மா." அவன் குரல் உயர்ந்தது. "என் பொண்டாட்டி ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல நின்னுட்டு வந்து இங்கேயும் நிக்கறா. மூணு பாத்தியில பாதி போச்சுன்னா நாங்க என்னத்தைக் குத்தகை எடுக்கறது? அடுத்த மாசம் நடவு வெச்சிருக்கற நாலு பேரு உங்ககிட்ட நாத்துக்குச் சொல்லியிருக்காங்க. இதைப் படம் பிடிச்சு அவங்களுக்கு அனுப்பப் போறேன்."

சம்பந்தியம்மா குனிந்து ஒரு காய்ந்த குச்சியைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள்.

வட்டம் அக்கா பதினோராவது பாத்திக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவில் இருந்த வாய்க்காலில் இறங்கி நடந்தாள். வாய்க்கால் முழுக்க வறண்டு வெடித்திருந்தது. செடி குட்டையாகத் தொடங்குகிற அந்தக் கோட்டுக்கு நேராக மட்டும், இரண்டு அடி நீளத்துக்குப் புல் பச்சைப்பசேலென்று மதமதத்து நின்றது. காலால் அழுத்தினாள். செருப்பின் ஓரத்தில் நீர் கசிந்தது.

வளையம் ஒட்டிக்கொண்டு எழுந்த இடம் அவள் மணிக்கட்டுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"என்னக்கா?" என்று டிரைவர் மேலிருந்து கேட்டான்.

"ஒண்ணுமில்ல." அவள் ஏறி வந்தாள். "நாளைக்கு வந்து ஒழுங்காப் பாக்கறேன். அதுவரைக்கும் படம் எதுவும் அனுப்பாதே தம்பி."

"உங்களுக்காக ஒரு நாள்" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்து, குளிக்காமல், கை கழுவாமல், அடுப்பங்கரை வாசற்படியில் உட்கார்ந்தாள். கணவன் பட்டறையிலிருந்து வந்து பார்த்தான்.

"என்னது, மூஞ்சி அணைஞ்ச கரி மாதிரி இருக்கு?"

சொன்னாள். அவன் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான். கேட்டு முடித்துத் தாடையைச் சொறிந்தான்.

"எலி கடிச்சிருச்சுன்னு சொல்லு. எல்லாத் தோட்டத்துலயும் எலி டியூபைக் கடிக்குது. யாரு இல்லேன்னு சொல்லப் போறா? உன் சம்பந்தி பேரும் தப்பிச்சுது, உன் பேரும் தப்பிச்சுது."

நல்ல யோசனைதான். அவளுக்கே தோட்டத்திலிருந்து வருகிற வழியில் பாதி தோன்றியிருந்தது.

"எலி வந்து மூணு விரல் அளவுக்கு வட்டமாக் கடிக்குமா?" என்றாள்.

"உன் கைப்பழக்கம் எலிக்கும் வந்திருச்சுன்னு வெச்சுக்கயேன்" என்றான். அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பை விழுங்கிக்கொண்டான். "சரி, சொன்னா என்ன ஆகும்?"

"தண்ணி ஓடாமப் போட மாட்டேன்னு இத்தனை வருஷமா நானே தம்பட்டம் அடிச்சிருக்கேன். இனிமே எவன் கூப்பிடுவான்? அதுகூடப் போகட்டும். அந்தம்மா வாய்க்கு அவல் கொடுத்த மாதிரி ஆயிடும். நம்ம பொண்ணு அந்த வீட்டுல இருக்கா."

அந்தப் பொண்ணே அப்போது போன் செய்தாள்.

"அம்மா, தோட்டத்துல என்ன நடந்துச்சு? அத்தை வந்ததுலேருந்து வாயே தொறக்கல. திட்டினாக்கூடத் தேவலைன்னு இருக்கு. தட்டைத் தட்டா எடுத்து, நாத்தை உருவி உருவி வேரைப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. 'நான்தான் எங்கேயோ கவனிக்காம விட்டுட்டேனோ'ன்னு என்கிட்ட கேக்கறாங்கம்மா. அத்தை இப்படிக் கேட்டு நான் பாத்ததே இல்ல."

வட்டம் அக்கா போனை வைத்தாள். எழுந்துபோய்க் கையைக் கழுவினாள். நகக்கண்வரை தேய்த்துக் கழுவினாள். தன் கை தப்பு செய்தது என்பதைத் தாங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. ஒரு தப்பும் செய்யாத இன்னொரு கை, தன்னைத்தானே சந்தேகப்பட்டுக்கொண்டு வேரை உருவிப் பார்த்துக்கொண்டிருப்பதை நினைக்கத்தான் முடியவில்லை.

காலையில் வெயில் ஏறுவதற்கு முன் நாற்றுப் பண்ணைக்குப் போனாள். பச்சை வலைக்கூரைக்கு அடியில் சம்பந்தியம்மா தட்டுகளுக்கு நீர் தூவிக்கொண்டிருந்தாள். மகள் தேநீரோடு வந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, வைத்ததும் போய்விட்டாள்.

"நாத்துல தப்பில்ல" என்றாள் வட்டம் அக்கா. உட்காரவில்லை. "டியூபை நான் சுட்டிருக்கேன். தண்ணி பாதியிலயே ஒழுகிப் போகுது. கடைசிச் செடிக்குப் போய்ச் சேரல."

நீர் தூவும் கை நின்றது. "எப்பத் தெரிஞ்சுது?"

"நேத்துத்தான் நிச்சயமாத் தெரிஞ்சுது. ஆனா அன்னிக்குச் சாயங்காலமே வளையத்துல கறுப்பா ஒட்டியிருந்தது. சுரண்டிப் போட்டுட்டேன்."

"தண்ணி ஓடாம நீங்க போட மாட்டீங்களே. ஊருக்கே தெரியுமே அது."

"கரண்ட் போயிருச்சு. அடுத்த நாள் நீங்க வர்றீங்க. பாத்தி முடியலைன்னா..."

"நான் வந்தா என்ன? கடிச்சா தின்னுடுவேன்?"

"கடிக்க மாட்டீங்க. பேசுவீங்க."

சம்பந்தியம்மா வாளியைக் கீழே வைத்தாள். தட்டுகளின் மேல் தூவிய நீர் துளித்துளியாகச் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வையைத்தான் துடைக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளலாம் என்பதுபோல ஒரு துடைப்பு.

"ராத்திரி பூரா உருப்படியா ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல எனக்கு" என்றாள். "கை போயிருச்சோன்னு பயந்துட்டேன்."

"உங்க கைக்கு ஒண்ணும் ஆகல."

"தெரியுது." தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தாள். ஆறிப்போயிருந்தது. "ஆனா ஒண்ணு சொல்லிடறேன் சம்பந்தி. இதை நான் சும்மா விடமாட்டேன். ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவேன்."

"தெரிஞ்சுதான் வந்தேன்."

"எத்தனை செடி போயிருக்கும்?"

"வாடினதெல்லாம் தண்ணி கண்டா எழுந்துக்கும். செத்தது ஒரு எண்பது, தொண்ணூறு இருக்கும்."

சம்பந்தியம்மா பண்ணையின் பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் கூடை. நடவில் இடைவெளி விழுந்தால் நிரப்புவதற்கென்று, ஒவ்வொரு தடவையும் நூறு கன்றைத் தனியாகப் பைகளில் வளர்த்து வைப்பாளாம். அதே நாளில் வெட்டிய குச்சி, அதே வயது. அவள் அப்படிச் செய்கிறாள் என்பது வட்டம் அக்காவுக்கு அன்றுதான் தெரிந்தது.

"பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, பிடிங்க" என்றாள் சம்பந்தியம்மா. "நானும் வர்றேன். நீங்க சொல்றதைப் பக்கத்துல நின்னு கேக்கற சந்தோஷம் திரும்பக் கிடைக்குமா?"

டிரைவர் பஸ்ஸை நிறுத்திவிட்டுக் காக்கிச் சட்டையோடு தோட்டத்துக்கு வந்திருந்தான். வட்டம் அக்கா சுற்றி வளைக்காமல் சொன்னாள். அவன் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"உங்களை நம்பித்தானேக்கா விட்டுட்டுப் போனேன். மோட்டார் நின்னா நீங்களும் நிறுத்திடுவீங்கன்னு நெனச்சேன்."

"நிறுத்தியிருக்கணும்."

"ஒரு போன் பண்ணியிருந்தா, ஒரு நாள் தள்ளி நட்டுட்டுப் போறேன்."

"ஆமா."

அவள் ஒன்றையும் மறுக்காததால் அவனுக்குக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சிறிது நேரம் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு சம்பந்தியம்மா பக்கம் திரும்பினான்.

"அம்மா, நேத்து நான் அவசரப்பட்டு..."

"அவசரப்பட்டது நீ ஒருத்தன்தானா? இங்க எல்லாரும் ஒரே வண்டியிலதான் ஏறியிருக்கோம். நீயாவது டிரைவர், பிரேக்கைப் போட்டிருக்கலாம்" என்றாள் அவள்.

வேலை இரண்டு நாள் பிடித்தது. விரிப்பைக் கிழிக்கவில்லை. வாய்க்கால் பக்கத்து மண்ணைக் கையால் பறித்து, புதைந்திருந்த ஓரத்தை எடுத்து, செடி வளையாத அளவுக்கு மட்டும் தூக்கி, உள்ளே கையை விட்டுக் குழாயைத் தடவிக்கொண்டு போனாள். கண்ணுக்குத் தெரியாது, விரல்தான் பார்க்க வேண்டும். பத்தாவது பாத்தியில் மூன்று இடம், பதினொன்றில் இரண்டு, பன்னிரண்டில் ஆறு. ஒவ்வொரு இடத்திலும் குழாயின் ஓரம் பிறை மாதிரி உருகிப்போயிருந்தது. அவளுடைய வளையத்தின் வளைவு, அளவு பிசகாமல். வெட்டி, இரண்டு முனையையும் இணைப்பில் செருகித் திருகினாள். எல்லாம் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போதே. உடம்பு முழுக்கச் சேறு.

"சட்டம் இப்பத்தான் ஞாபகம் வருதாக்கும்" என்று சம்பந்தியம்மா எதிர்ப் பாத்தியிலிருந்து குரல் கொடுத்தாள். சொல்லிக்காட்டுவது தொடங்கிவிட்டது. ஆனால் அதைச் சொன்ன ஆள் குனிந்த தலை நிமிராமல், செத்த செடியைப் பிடுங்கின வட்டங்களில் கன்று வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கன்றையும் வைத்தபின், தண்டைச் சுற்றி ஒரு பிடி மண்ணை வட்டத்தின் விளிம்புவரை அணைத்தாள். விரிப்புக்கு அடியில் சூடேறின காற்று அந்த வாசல் வழியாக வெளியேறித் தண்டை வேகவைக்காமலிருக்க அது.

"மண்ணை நல்லா அமுக்குங்க" என்றாள் வட்டம் அக்கா.

"எனக்கே சொல்றீங்களா?"

"எல்லாருக்கும் சொல்றதுதான்."

இரண்டாம் நாள் டிரைவரின் மனைவி சலவைக்கூடத்திலிருந்து நேராக வந்தாள். வெந்நீரில் ஊறிச் சுருங்கிய கைகள். கடைக்கோடியில் நின்று மூன்று பாத்தியையும் பார்த்தாள். நேற்றுத் தலை தொங்கின செடிகளில் பாதிக்கு இலை விறைத்திருந்தது.

"இதெல்லாம் பூக்குமாக்கா?"

"பூக்கும். ஆனா மத்ததோட சேர்ந்து பூக்காது, இருபது நாள் பின்தங்கும். உயரமும் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். பொய் சொல்ல மாட்டேன்."

"பூத்தாச் சரி" என்றாள் அந்தப் பெண். பிறகு, சற்று யோசித்து, "அடுத்த வருஷமும் நீங்களே வந்து வட்டம் போடணும்" என்றாள். அதில் கேலி இல்லை. அடுத்த வருஷம் என்று ஒன்று இருக்கிறதாக அவள் முடிவு செய்துவிட்டது டிரைவர் காதிலும் விழுந்தது. அவன் மனைவியைத் திரும்பிப் பார்த்தான்.

விரிப்பின் ஓரங்களை மறுபடி மண்ணுக்குள் புதைத்து மிதித்தார்கள். வட்டம் அக்கா பன்னிரண்டாவது பாத்தியின் கடைசிக்குப் போனாள். அங்கே குழாயின் முனை மடிக்கப்பட்டு, அதே குழாயில் வெட்டிய ஒரு வளையத் துண்டால் இறுக்கப்பட்டிருந்தது. அதை உருவி, மடிப்பைப் பிரித்தாள். முதலில் காற்று புஸ்ஸென்றது. அப்புறம் சேற்றுத் தண்ணீர். அப்புறம் கலங்கல். அது தெளியும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். தெளிந்த தண்ணீர் அவள் உள்ளங்கையை முட்டிக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது.

"தம்பி, இங்க வா" என்றாள். "இனிமே வாரத்துக்கு ஒரு தரம் இப்படித் தொறந்து பாரு. தலைப்புல ஈரம் இருக்குன்னு நம்பாதே. கடைசியில வருதான்னு பாரு."

டிரைவர் குனிந்து கையை நீட்டினான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த குழாயின் முனையை அவள் அவன் கையில் கொடுத்தாள்.